மதலேனாள் கேட்ட ஊர்ப்பெயர்

1944-ஆம் வருஷம் அக்டோபர் மழையில், அனுமந்தன்பட்டி மதலேனாள் ஒரு கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு கொடைக்கானல் மலைக்கு நடந்தே ஏறினாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. ஓர் ஊரின் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் போனாள். அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த மலையில் ஒருவர்தான் இருந்தார்.

மதலேனாள் மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போவாள். புருஷன் மரிய ஜோசப் கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய பஸ்ஸில் டிரைவர். இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டுமே தங்கவில்லை. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றபோது அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனான். பெங்களூர், அப்புறம் எகிப்து, அப்புறம் இத்தாலி. எகிப்திலிருந்து வந்த கடிதங்கள் நாலு வரியைத் தாண்டாது. இத்தாலியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. அதுதான் நீளமானது. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதியிருந்தான். ஊர்ப்பெயரை மட்டும் தணிக்கைக்காரர்கள் மையால் அடித்திருந்தார்கள்.

‘சாயங்காலம் எங்களை வெளியே விடுகிறார்கள். முதலில் துறைமுகம். அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிறது. மீன்காரர்கள் எட்டுக் கால் உள்ள ஒரு பிராணியைக் கல்லில் அடிக்கிறார்கள், நீ வேட்டி துவைக்கிற மாதிரி. அதைத் தாண்டினால் ஒரு சந்து. இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். மேலே காய்கிற துணி தலையில் சொட்டும். சந்து முடிந்ததும் ஒரே வெளிச்சம். கடலை ஒட்டி ஒரு கோயில் நிற்கிறது, அவ்வளவு உயரம். மணிக்கூண்டு ஒரு வளைவின் மேல் நிற்கிறது. வளைவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகலாம். பின்பக்க ஜன்னல் தூணை யானைகள் தாங்குகின்றன. யானையைக் கண்ணால் பார்க்காதவன் செதுக்கியிருப்பான் போல, சிரிப்பு வந்தது. அங்கே கடல் சுவரில் உட்கார்ந்துவிடுவேன். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். உடம்பு தேறிவிட்டது, அடுத்த வாரம் பட்டாளக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். உன்னைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் இந்த வழியில் நடக்க ஆசை.’

ஏப்ரலில் இந்தக் கடிதம் வந்தது. ஜூனில் இன்னொரு தாள் வந்தது, இங்கிலீஷில். பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துச் சொன்னார். மே பன்னிரண்டாம் தேதி முதல் டிரைவர் மரிய ஜோசப்பைக் காணவில்லை.

அன்று முதல் மதலேனாள் ராத்தூக்கத்தை மறந்தாள். வெற்றிலை கிள்ளும்போது அவள் மனது அந்தச் சந்துக்குள் நடந்துகொண்டிருக்கும். தலையில் அடிபட்டுப் பேர் ஊர் மறந்து, அவர் அங்கேதான் எங்கேயோ சுற்றுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது நாளாக ஆக நிச்சயமாயிற்று. கூடப் பறிக்கிறவர்களிடம் சொன்னாள். அவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

மரிய ஜோசப்பின் அண்ணன் பீட்டர்ராஜ் நல்ல மனிதர்தான். நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து, வாசலிலேயே நின்று பேசினார்.

“ஆத்மாவுக்கு ஒரு பூசை வைக்காம கெடக்கு. எங்க அம்மா தெனமும் அழுகுறாக. தாலியக் கழட்டிரு, மதலேனா.”

“காணலைன்னுதான மச்சான் போட்டிருக்காக. செத்தாகன்னு போடலையே.”

அவர் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அவள் பங்குச் சாமியாரிடம் போனாள். அந்த ஊர்ப்பெயர் தெரிந்தால் அந்தக் கோயிலுக்கே எழுதித் தேடச் சொல்லலாமே என்று மன்றாடினாள். தனக்கு இத்தாலி தெரியாது என்றார் அவர். இளமையில் அங்கே படித்த பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் உடம்பு முடியாமல் மலைமேல் மடத்தில் இருக்கிறார், அவருக்கு வேண்டுமானால் தெரியலாம் என்றார்.

பெரியகுளம் வரை, பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ். மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். அங்கிருந்து மலைக்கு ஒற்றையடிப் பாதை. உப்பு மூட்டை சுமந்து போகும் சங்கிலியம்மாள் என்பவள் வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வரை துணைக்கு வந்தாள். எதற்குப் போகிறாய் என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவ்வப்போது மதலேனாளை உட்காரவைத்து, கணுக்காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டாள். வெள்ளகவிக்கு மேலே மதலேனாள் தனியாக ஏறினாள். சேலை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. பாதி வழியில் நெஞ்சு அடைத்து ஒரு பாறையில் சாய்ந்தபோது, இங்கேயே செத்துப்போனால் ஊர்ப்பெயர் தெரியாமலே போய்விடுமே என்றுதான் எழுந்தாளாம்.

மடத்தை அடைந்தபோது பொழுது சாயவில்லை, ஆனால் மேகம் இறங்கி இருட்டியிருந்தது. கிழச் சாமியார் முழங்காலில் கம்பளியைப் போட்டு நாற்காலியில் இருந்தார். பார்வை மங்கிவிட்டதால் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். ஈரச் சேலையோடே அவள் வாசித்தாள். யானை வந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

“திரும்ப வாசி, அம்மா.”

வாசித்தாள். அவர் முகம் மலர்ந்தது.

“திரானி. அந்த ஊரின் பெயர் திரானி. அந்த வளைவுக்குள் நானும் நடந்திருக்கிறேன்.”

மதலேனாள் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நாலு மாதமாக ஓயாமல் தேடிய பெயர். தரையில் விழுந்து அவர் காலைத் தொட்டாள். உடனே அந்தக் கோயிலுக்கு எழுதச் சொன்னாள். சாமியார் எழுதுகிறேன் என்றார். ஆனால் மலர்ந்த முகம் மாறிவிட்டது. காணாமல்போன தேதி என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் நாற்காலியில் முன்னே சாய்ந்தார்.

“அடுத்த வாரம் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறாரே. மே மாதம் சண்டை நடந்தது இத்தாலியின் நடு மலைக்கு அந்தப் பக்கம், ஓர் ஆற்றங்கரையில். திரானியிலிருந்து நூறு மைலுக்கு மேலே. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

கடிதத்தின் அந்த வரி அவளுக்கு மனப்பாடம். ஆனால் அதை ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அவள் அழவில்லை. கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“இருந்தாலும் எழுதுங்க சாமி. ஒருவேளை அவுக வழி தேடி அங்கன திரும்பி வந்திருந்தா? கருத்த ஆளு, வலது புருவத்துல தழும்பு. அதையும் எழுதுங்க.”

அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல், பக்கத்தில் இருந்த மடத்துப் பிரதரைக் கொண்டு எழுதவைத்தார். இரண்டு நாள் காய்ச்சலில் அங்கேயே கிடந்து மதலேனாள் இறங்கி வந்தாள்.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சண்டை முடிந்துவிட்டது. கிழச் சாமியாரும் இறந்துவிட்டார். மடத்தில் யாரோ தமிழாக்கி அனுப்பிய தாளைப் பங்குச் சாமியார் வாசித்தார். திரானிக் கோயில் குருவானவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சனங்களிடம் கேட்டிருந்தார். துறைமுகத்திலும் சந்திலும் வீடு வீடாகத் தானே நடந்து விசாரித்திருந்தார். ஆஸ்பத்திரித் துணி துவைத்த ஒரு பெண்ணுக்குத் தழும்புக்காரரை நினைவிருந்தது. லாரியில் ஏறுமுன் அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அவரை அந்த ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. தங்கள் கோயிலில் அவருக்காக மன்றாடுகிறோம் என்று முடித்திருந்தார்.

அன்றைக்குத்தான் மதலேனாள் வாய்விட்டு அழுதாள். கோயில் வாசலில் உட்கார்ந்து, யார் தூக்கியும் எழாமல், உச்சிப்பொழுது வரை அழுதாள். 1946 தொடக்கத்தில், மரிய ஜோசப் இறந்துவிட்டதாகக் கொள்வதாய்ப் பட்டாளமும் எழுதியது. அவள் பீட்டர்ராஜ் வீட்டுக்குப் போய், தாலியைத் தானே கழற்றி மாமியார் கையில் வைத்தாள். பூசை நடந்தது. உடல் இல்லாததால் வெறும் பெஞ்சின் மேல் கருப்புத் துணியைப் போர்த்தி, அதற்குத்தான் தீர்த்தம் தெளித்தார்கள்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றது. மதலேனாளும் ஒன்றைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதை நட்டுவைக்க ஓர் இடம் இல்லை. பீட்டர்ராஜ் தன் அப்பாவின் கல்லறை ஓரத்தில் மண்ணை விலக்கி, “இங்கன வையி தாயி” என்றார்.

“இது மாமா எடம், மச்சான். அவுக எடம் இல்ல” என்று சொல்லிவிட்டாள். உருகிய மெழுகு விரல்களில் வழிந்து காய, திரி அணையும்வரை கையிலேயே பிடித்திருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே நின்றாள். அவள் வைக்கமாட்டாள் என்று தெரிந்து யாரும் இடம் காட்டவில்லை.