ரொறன்ரோவிலிருந்து சேமக்காலைக்கு

ஸாலிஹா ஒரு நாளும் விமானம் ஏறியவள் இல்லை. ஆனாலும் முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குக் கிட்ட அவள் நடத்தும் ரிக்கெற் கடையில், கனடா எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கொப்பி திறக்கமாட்டாள். "ரொறன்ரோவுக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றர் சொச்சம். டோஹாவில இறங்கி நிக்கிறதையும் சேர்த்தா இருபது, இருபத்தொரு மணித்தியாலம்" என்பாள். பாரிஸ், சூரிச், மெல்பேர்ண் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போனைத் தட்டினால் வருகிற விஷயம்தானே என்று ஊரார் சொல்வார்கள். தட்டுகிறவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவேண்டாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று கடையைத் தாண்டிப் போனது. கடற்தொழிலாளி ஸ்ரனிஸ்லஸ் காலமாகிவிட்டார். கனடாவிலிருந்து மகள் நிறஞ்சனா வந்ததும் நாளை புதன் காலை ஒன்பது மணிக்குச் சேமக்காலையில் நல்லடக்கம். ஸாலிஹாவுக்கு மனம் கேட்கவில்லை. ரொறன்ரோப் பிளேன் இரவில்தான்; திங்கள் இரவு ஏறியிருந்தாலும் புதன் ஒன்பதுக்கு எப்படி வந்து சேர்வார்? கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

செத்தவீட்டு வாசலில் மகன் யூட்சன் பந்தல் கட்டுகிறவர்களோடு நின்றான்.

"தம்பி, அக்கா எத்தினை மணிக்குப் பிளேன் ஏறினவா?"

"திங்கள் இரவு பத்துக்கு. இருபது மணித்தியாலம். இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு இறங்கியிடுவா. வானும் எயார்போட்டுக்குப் போட்டுது."

"அது கனடாப் பத்து மணி, தம்பி. அங்க இரவு பத்தெண்டா இஞ்ச செவ்வாய் காலமை ஏழரை. அக்கா ஏறி இப்ப மூண்டு மணித்தியாலந்தான். நாளைக்கு விடியப்புறம் நாலு மணிக்குத்தான் கட்டுநாயக்கா எயார்போட். அதிலயிருந்து வீதியில ஏழு மணித்தியாலம். மத்தியானம் தாண்டும்."

யூட்சனின் முகம் கறுத்தது. பிழை விளங்கிவிட்டது, ஆனால் வாய் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஊரெல்லாம் அறிவிச்சாச்சு. இனி மாத்தினா சனம் சிரிக்கும், அக்கா."

"சனம் ஒரு நாளைக்குச் சிரிக்கும். தகப்பன்ர முகம் பாக்காட்டி உங்கட அக்கா சாகுமட்டும் அழுவா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் ஸாலிஹா அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தானே தேவாலயச் சுவாமியாரின் அறைவீட்டுக்குப் போய் நிலைமையைச் சொன்னாள். அவர் அடக்கத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றித் தந்தார். வான்காரனுக்குப் போன் எடுத்து, விடியும்வரை எயார்போட்டை விட்டு அசையக்கூடாது என்றாள். கத்திக் கத்தி ஓட்டோக்காரனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளே ஏறி இருந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். வேதக்காரரின் செத்தவீட்டு நேரத்தை ஒரு சோனகப் பெண் தெருத்தெருவாக அறிவித்ததை முல்லைத்தீவு அன்றுதான் கண்டது. சிரித்தவர்களும் இருந்தார்கள். அவள் அவர்களுடைய ஒழுங்கைக்குள் இன்னொரு தரம் போய்ச் சொன்னாள். என்ன மனுஷி!

புதன்கிழமை ஒன்றேமுக்காலுக்கு வான் வந்து நின்றது. நிறஞ்சனா செருப்பையும் மறந்து ஓடிப்போய்த் தகப்பனின் பெட்டியோடு சாய்ந்தாள். "அப்பா, நான் வந்திட்டன். என்னைப் பாருங்கோவன்" என்று அவர் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

நிறஞ்சனாவின் தாய் மார்கிறட், பெண்களுக்குள் நின்ற ஸாலிஹாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஒன்பது மணிக்கு மூடியிருந்தா, அவ்வளவு தூரம் வந்த என்ர பிள்ளை வெறும் மண்ணைத்தானேயம்மா பாத்திருக்கும்."

அந்தக் கையை விடாமல் ஸாலிஹாவும் அழுதாள்.