கடையே இல்லாத தெரு

சாவியக்காவுக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் நடைபாதை வரிசையை எப்போதோ கூட்டிப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்டூல், ஓர் அரம், கம்பியில் கோத்த வெற்றுச் சாவிகள். அவ்வளவுதான் அவள் கடை. சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறவன் நேரே அங்கேதான் ஓடிவருவான். நாலு தெரு தள்ளி உட்கார்ந்தால் அவளை யாருக்குத் தெரியும்? அந்த இடம்தான் அவளுக்குச் சோறு. புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களை அதில் உட்கார்ந்தே ஆளாக்கினாள்.

நான் தையல்காரன். அக்காவுக்கு இந்தப் பக்கம் என் மெஷின். அந்தப் பக்கம் பெல்ட்டும் பர்ஸும் விற்றுக்கொண்டிருந்தவன்தான் தம்பி. இன்றைக்குச் சட்டமன்ற உறுப்பினர். அன்றைக்கு எங்கள் சங்கச் செயலாளர். பொதுக் காரியத்துக்கு ஒரு கடை மூடினால் வரிசை முழுக்க மூடிவிட வேண்டும், ஒருத்தர்கூடத் தங்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததே அவன்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் தேர்தலில் நின்றபோது அக்கா கடையை மூடிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எங்க தம்பி உள்ள போனா, நாமளே சட்டம் போட்டுக்கிட்ட மாதிரி" என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். ஜெயித்தான். எதிர்க்கட்சிக்கு ஆட்சி அமைக்க ஓரிரு கை குறைந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பக்கம் தாவினான். தாவியதற்குக் கூலியாக, மசோதாக்களை அலசும் குழுவுக்குத் தலைவன் ஆனான்.

"கட்சி மாறினா என்னண்ணே? நம்மள மறப்பானா?" என்றாள் அக்கா. வெள்ளந்தி மனசு!

அப்புறம் வந்தது நடைபாதை வணிகர் பாதுகாப்பு மசோதா. பேரைக் கேட்டாலே வயிறு குளிரும். கணக்கெடுப்பு அன்று கடை போட்டிருப்பவருக்கு அதே இடம் நிரந்தரம். காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் ஏலத்துக்கு. கணக்கெடுப்பு என்றைக்கு? அதைக் குழுத் தலைவர் முடிவு செய்வார். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. நம்ம தம்பிதானே என்று இருந்துவிட்டோம்.

அவனே நேரில் வந்தான். அக்காவின் ஸ்டூலில் உரிமையோடு உட்கார்ந்தான்.

"அக்கா, குழு முன்னாடி வந்து உங்க வாயாலயே சொல்லுங்க. அத்தனை பேரும் வரணும். கூட்டத்தப் பாத்தாத்தான் மத்த உறுப்பினருங்க அசைவாங்க."

வரிசைக் கட்டுப்பாடு இருக்கிறதே! மொத்தத் தெருவும் கடையை ஏறக்கட்டிவிட்டுப் போனோம். அடடா, என்ன உபசாரம்! டீ என்ன, பிஸ்கட் என்ன! ஒவ்வொருத்தராகப் பேசச் சொல்லி, சாயங்காலம்வரை தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். அக்கா பேசும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான், சண்டாளன்.

திரும்பி வந்தால் நடைபாதையில் வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டே எண்கள். ஒன்று குளிர்பானக் கம்பெனியின் கூண்டுக் கடைக்கு, இன்னொன்று செல்போன் கம்பெனி சிம் விற்கும் குடைக்கு; இரண்டும் எங்கள் சங்கத்தில் இல்லாதவை. எங்கள் இடமெல்லாம் வெறும் தரை.

தெரு பெருக்குகிற அம்மா ஓடிவந்து சொன்னாள்: "நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் கணக்கெடுக்கிறவங்க வந்துட்டாங்க. கடையக் காணோம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

அக்கா அப்படியே தம்பி வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். "ஐயையோ, அதிகாரிங்க பண்ண குளறுபடிக்கா. சபையிலயே பேசிச் சரிபண்றேன். நீங்களே வந்து பாருங்க" என்று பார்வையாளர் மாடத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தான். அதையும் நம்பினோமே, எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே தம்பி எழுந்தான். "கணக்கெடுப்பு நாளில் அந்தத் தெருவில் இருந்தவை இரண்டே கடைகள். வேறு கடைகள் உண்டு என்பது வெறும் புரளி" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நிமிர்ந்து எங்களையும் ஒருமுறை பார்த்தான். மேசைகளைத் தட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். "டேய் தம்பி! அன்னைக்கு நாங்க எங்கடா இருந்தோம்? உன் முன்னாடிதானேடா உக்காந்திருந்தோம்!"

காவலர்கள் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். மாடத்திலிருந்து வந்த எதுவும் அவைக்குறிப்பில் ஏறாது என்றார் சபாநாயகர். எங்களைப் படியிறக்கும்போதே, "ஆம் என்போர்?" என்று கேட்பதும் ஒட்டுமொத்தமாக "ஆம்" என்று முழங்குவதும் காதில் விழுந்தன. வேலியே பயிரை மேய்ந்து முடித்தது.

கடைகளை அள்ள மாநகராட்சி லாரி வந்த அன்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சாமான்களை வாரிக்கொண்டு ஓடினோம். அக்கா மட்டும் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அதிகாரி கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, எந்திரிங்க. இங்க கடையே இல்லன்னுதான் எங்க கணக்குல இருக்கு."

"அப்படியா சார்? அப்ப இல்லாத கடையத் தூக்க எதுக்கு லாரி?"

அவர் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். நாலு பேர் சேர்ந்து அவளை ஸ்டூலோடு தூக்கினார்கள்.