மதினி கொடுத்த ஐந்து போத்தல்

பதுளையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடம் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. அதுதான் அதைப் பிடித்த வியாதி. மருத்துவ பீடத்தில் கிருமி பார்ப்பவர்கள், இரத்தம் பார்ப்பவர்கள், சிறுநீரகம் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அதே இயந்திரங்கள்தான், அதே ஃப்ரீசர்தான். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலியில் காலையில் என்ன நடக்குமோ, அதேதான் இங்கேயும் நடக்கும். என் பெட்டியை யார் நகர்த்தியது, அவர் முறை முடிந்தும் ஏன் எழும்பவில்லை, துடைக்காமல் போனது யார் என்று விடிந்தால் ஒரு சண்டை. இவர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கங்காணியம்மா’ என்று சொல்கிறார்கள் என்பதும் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். கங்காணி இல்லாத மலையில் கொழுந்து முற்றித்தான் போகும்.

அங்கே ஒரு இளம் டொக்டர் வந்து சேர்ந்தார். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. தோட்டத்து ஆட்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகிறதா என்று பார்ப்பது அவருடைய ஆய்வு. பூனாகலைப் பக்கமும் வேறு சில தோட்டங்களிலும் சிறுநீர் மாதிரிகளை வாங்கி, எங்கள் ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருந்தார். அடுத்தது நான் பிறந்த தோட்டம். பெரகலைச் சந்திக்கு மேலே இருக்கிறது. அங்கே என் அண்ணனும் மதினியும் இன்னும் எங்கள் பழைய லயத்தில்தான் இருக்கிறார்கள். “நீங்கள் கூட வந்தால் பெண்கள் பயப்பட மாட்டார்கள்” என்று டொக்டர் கேட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, போனேன்.

என் மதினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. பூனாகலையிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டைதான் சாப்பாடு. ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் விட்டால் அன்றைக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். அன்றைக்கும் மூடி போட்ட சின்னப் போத்தல்களை அவர் கையில் கொடுத்து, “மதினி, காலையில முதல் ஒண்ணுக்கு. ஒங்க வரிசையில அஞ்சு பேரும் குடுக்கணும். வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப டொக்டர் கையில குடுத்துட்டா போதும். குடுக்காம விட்டீங்க, என் மானமே போயிரும்” என்றேன்.

“ஒனக்கு அப்படி ஒண்ணு இருக்கா புள்ள?” என்றார். அதோடு விட்டாரா? “படிச்சுப் படிச்சுக் கடைசியில மூத்திரம் பொறுக்கத்தான் வந்தியா?”

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை, ஒன்று குறையாமல் ஐந்து போத்தலும் வந்து சேர்ந்தன.

இயந்திரத்தில் எங்களுக்கு முறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் டொக்டர் முதலில் கடைசியாக வந்த எங்கள் தோட்டத்து மாதிரிகளை மட்டும் வெள்ளோட்டமாகப் பார்ப்போம் என்றார். மற்றத் தோட்டங்களின் மாதிரிகள் முறை வரும்வரை ஃப்ரீசரில் கிடக்கட்டும் என்று முடிவானது. ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. ஆனால் ஐந்து போத்தல்களில் புரதம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. ஒன்றில் எவ்வளவோ, சொல்லி வைத்தாற்போல மற்ற நான்கிலும் அவ்வளவே.

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். “மெஷின் பிழையாக இருக்குமோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் ஏறியது பாருங்கள்! ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். அந்த இயந்திரத்தை நான் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன். இருந்தாலும் பொதுச் சொத்து, கெட்ட பெயர் வரக்கூடாது. அடுத்த முறைக்காரரின் காலைப் பிடிக்காத குறையாக நேரம் வாங்கி, அளவைச் சரிபார்த்து, அந்த ஐந்தையும் திரும்ப ஓட்டினேன். அதே எண்கள். புரதம் மட்டுமா, பார்த்த எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. கூடப் பிறந்தவர்களுக்குக்கூட இப்படி அச்சடித்தாற்போல் வராது. யாரோ ஒருத்தி ஐந்து போத்தலையும் நிரப்பியிருக்கிறாள்.

ஐந்து போத்தல் என்றால் மதினியின் வரிசைதான்; எந்த வரிசைப் போத்தல்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்படியென்றால் அந்த ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்கு அது தெரியாது. உடனே கண்டுபிடிக்க வேண்டும்” என்றார். அந்த ஐந்து பேரில் யார்? அடுத்த வீட்டு அக்காவுக்கு எப்போதும் கால் வீங்கும். கோடி வீட்டுக்காரிக்கு அடிக்கடி தலைசுற்றும். வேனில் ஏறியதிலிருந்து பெரகலைச் சந்தி வரும்வரை ஒவ்வொருத்தியாக நினைத்து நினைத்து வேண்டிக்கொண்டே போனேன். மதினியை நினைக்கவே இல்லை.

வேலை முடிந்து பெண்கள் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். டொக்டர் வேனடியில் நின்றுகொண்டார். நான் போய்க் கத்தினேன். “ஏங்க, ஒங்களுக்கெல்லாம் வெளையாட்டா இருக்கா? யாருது அந்த அஞ்சு போத்தலும்? மரியாதையா சொல்லுங்க!”

எல்லாரும் ஒரே நேரத்தில் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மதினி சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். “ஏன்டி கத்துற? இவளுக எல்லாம் வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாளுக. பெரட்டுல கணக்கப்பிள்ளை மொகத்துக்கு முன்னால மூத்திரப் போத்தலோட எப்படிப் போறதுன்னு. நீதானே சொன்ன, குடுக்காட்டி மானம் போயிரும்னு? கொண்டாங்கடின்னு அஞ்சையும் நானே ரொப்பிட்டேன். இந்த வரிசையில ஒரு நாள் காய்ச்சல்னு படுக்காதவ நான் ஒருத்திதானே? அதான் பாத்து, நல்லதாவே குடுத்தேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னா புள்ள? என்னோடது நல்லா இல்லியா?”

நான் வேனடியைப் பார்த்துக் கைகாட்டினேன். டொக்டர்தான் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், பக்குவமாக எடுத்துச் சொன்னார். அங்கேயே கைப்பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். அது இருக்க வேண்டிய அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது. தலைவலி இல்லையா என்று கேட்டதற்கு, “வெயில்ல நிக்கிறவளுக்குத் தலைவலி இல்லாம?” என்று மதினி திருப்பிக் கேட்டார்.

மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். மற்ற நால்வரும் இந்த முறை ஆளுக்கொரு போத்தல் ஒழுங்காகக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. மதினிக்குப் புரதம் அதே அளவு. ஆனால் சிறுநீரகம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்றார் சிறுநீரகப் பெரிய டொக்டர். அழுத்தத்துக்கு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், மாதம் ஒருமுறை வர வேண்டும். இப்படியே தெரியாமல் சில வருடம் போயிருந்தால் இயந்திரத்தில் இரத்தம் சுத்தப்படுத்துகிற நிலைக்கு வந்திருப்பார் என்றும் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இந்தா, மூக்கச் சிந்து. டொக்டருக பாக்குறாங்க” என்று மதினி தன் முந்தானையை நீட்டினார். என் மதினி மாதிரி ஒரு பிறவி இந்த ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஆஸ்பத்திரியை விட்டு வந்து, பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தோம். அங்கேதான் அதைக் கேட்டார்.

“ஏன் புள்ள, நான் என் போத்தல மட்டும் குடுத்திருந்தா, இது தெரிஞ்சிருக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. “இப்பத் தெரிஞ்சிருக்காது மதினி. ஒண்ணு மட்டும் கூடியிருந்தா குறிச்சு வச்சிருப்போம். எல்லாத் தோட்டமும் முடிஞ்சப்புறந்தான் யாருதுன்னு பாத்திருப்போம். அஞ்சும் ஒண்ணு மாதிரி வந்ததாலதான் தோண்டிப் பாத்தோம்.”

“அப்ப நான் செஞ்ச களவாணித்தனந்தான் என்னயக் காப்பாத்துச்சு!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே பிளேன்டீயை எடுத்தவர், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

“எங்கம்மா பூனாகலையில ஒரு போத்தல் குடுத்துச்சு. ஒங்க டொக்டர் சொன்ன மாதிரியே, காலையில எந்திரிச்சதும், ஒழுங்கா. அது எங்க இருக்கு?”

“ஃப்ரீசருல இருக்கு மதினி.”

“பாத்தீங்களா?”

“இன்னும் இல்ல.”

அவர் பிளேன்டீயை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தேன். டொக்டர் மேல்சட்டையைக் கழற்றி மாட்டி, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மதினி கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொரு பிரிவின் கதவாகத் தட்டி, இந்த வாரம் உங்கள் முறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். விடிந்தால் அவர்களோடு சண்டை போடுகிறவள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பூனாகலைப் பெட்டியை வெளியே எடுத்து, உறைந்து கிடந்த போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து, அவை உருகும்வரை நாங்கள் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.