கல்முனையிலிருந்து கண்டிக்கு ஒரு குழாய் இரத்தம்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் நான் கண்டிக்குப் போனது மலை பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி ரஹீமின் இரத்தத்தை அங்குள்ள ஆய்வுகூடத்தில் சேர்க்க. கல்முனையிலிருந்து ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீற்றர். பகல் இரண்டு மணிக்குள் கொடுக்கவேண்டும். தவறினால் அடுத்த வாரம். அடுத்த வாரம் ரஹீம் இருப்பான் என்று டொக்டர் வாக்குத் தரவில்லை.

மூன்று மாதமாக அவன் கண்கள் மஞ்சள். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். மஞ்சள் இரண்டையும் மதிக்கவில்லை. டொக்டர் ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து காட்டினார். குடலிலிருந்து வரும் இரத்தமெல்லாம் ஈரலுக்குள் போகிறது. அங்கே குடியிருக்கும் காவல் செல்கள் வருவதையெல்லாம் தொட்டுப் பார்க்கின்றன. கிருமியென்றால் விழுங்கும், சாப்பாடென்றால் பேசாமல் விடும். வெளியிலிருந்து வரும் கொல்லும் செல்களுக்கும் ‘சும்மா இரு’ என்று செய்தி கொடுக்கும். அந்தச் செய்தி குழம்பினால், வந்தவை ஈரலையே எதிரியென்று நினைத்து அடிக்கும், துணைக்கு ஆளும் கூப்பிடும்.

“கிருமியா, காவலா என்று தெரியாமல் மருந்து தர ஏலாது. ஒன்றுக்கு நல்ல மருந்து மற்றதுக்கு நஞ்சு,” என்றார். “இரத்தம் குளிராக இருக்கவேண்டும். ஆனால் ஐஸாய் உறையக்கூடாது. உறைந்தால் வீண்.”

காலை ஐந்து மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். ரஹீமின் நானா, அதாவது அண்ணன், நசீர் சாய்ந்தமருது மீன் வியாபாரி. வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பிக் குழாயை நட்டுக் கொண்டுவந்தார்.

“என்ர மீனே கெடாமக் கண்டிக்குப் போகுது மச்சான். இவன்ட ரெண்டு சொட்டு ரத்தம் போகாதா? பயப்படாமப் போங்க.”

ஐந்தே முக்காலுக்கு பஸ். டிக்கெட் இருபத்தெட்டு ரூபா, அந்த நாள் விலை.

சம்மாந்துறை தாண்டி ஆறரைக்குச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையோடு வரிசையில் நடந்தோம். துணி சுற்றிய பிளாஸ்க்கைக் கண்டதும் ஒரு சிப்பாயின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

“மொகத மே?” இது என்னவென்று கேட்டான்.

“லே,” என்றேன். இரத்தத்துக்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். விளக்கம் போதாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

திறக்கச் சொன்னான். ஒரு ஐஸ் துண்டை எடுத்துப் பார்த்தான், முகர்ந்தான், நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.

“லுணு.” உப்பு. தங்கள் ஊரிலும் மீனுக்கு இப்படித்தான், ஐஸில் உப்புப் போட்டால் குளிர் கூடி மீன் கல்லாய் இறுகிவிடும் என்று சைகையோடு சொன்னான்.

 நசீர் அன்பை அளவில்லாமல் போட்டிருந்தார். குழாயை உருவினேன், வெளியே வெள்ளை பூத்திருந்தது. சாய்த்தேன். அசையவில்லை. இன்னும் சாய்த்தேன். மெல்ல நகர்ந்தது.

சிப்பாய் தன் குடத்துத் தண்ணீரைக் காட்டினான். நான் ஐஸைக் கழுவும் வரை குழாயை அவனே பிடித்துக்கொண்டு நின்றான், துப்பாக்கி தோளில். பஸ் ட்ரைவர் ஹோர்ன் அடித்தார்: “ரத்தமோ மீனோ, ஏறுங்க நானா. விட்டுட்டுப் போயிருவன்.”

குழாயைக் காகிதத்தில் சுற்றி வைத்து ஏறினேன். ஒன்று இருபதுக்கு ஆய்வுகூடம். பத்து நாளில் பதில் வந்தது: கிருமியில்லை, காவல்தான். அதை அடக்கும் குளிசை தொடங்கி இரண்டு மாதத்தில் ரஹீமின் கண் வெளுத்தது. ஐஸின் மகிமை என்று நசீர் இன்றும் சொல்கிறார்.

இரத்தம் கொண்டு போகிறவர்களுக்கு: ஐஸ் தருபவர் என்ன தொழில் என்று முதலில் கேளுங்கள். திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். தொட்டு, ருசி பார்த்து, எதிரியில்லை என்று விடத் தெரிந்த ஒரு காவற்காரனை நான் வழியில் கண்டேன். ரஹீமின் ஈரலில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் நான் பஸ் ஏறியிருக்கவே வேண்டியதில்லை.