கேப்பைக் கஞ்சியில் நான் கலந்த சிவப்பு மாத்திரை

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. வருஷம் சரியாகச் சொல்ல வரவில்லை. என் பெரிய மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி, குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. சின்னவளுக்கு இருபது வயது. அந்தக் கணக்கில்தான் எனக்கு ஞாபகம்.

சின்னவள் பத்தாவது பாஸ் பண்ணியவள். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளாகவே மனுப் போட்டாள். விழுப்புரத்து மைதானத்துக்கு வரச் சொல்லிக் கடிதாசியும் வந்துவிட்டது. ஓடிக் காட்ட வேண்டும், தாண்டிக் காட்ட வேண்டும், எடை பார்ப்பார்களாம். உயரத்துக்குக் குறைவில்லை, அப்பாவைக் கொண்டு பிறந்தவள். உடம்புதான் காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் முழு மனசு இல்லை. முகையூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "இந்த ஒரு வாட்டி போவட்டும். கெடைச்சா சரி. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு வாய்ப்பு.

வயசுப் பெண் ஊர் ரோட்டில் ஓடினால் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கசரத்து எல்லாம் வீட்டுப் பின்பக்கம்தான். வைக்கோல் போருக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓடுவாள், திரும்புவாள், ஓடுவாள். மாட்டுக் கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு குதிப்பாள். குழவிக்கல்லை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுந்திருப்பாள். கன்றுக்குட்டி மிரண்டு போய்ப் பார்க்கும்.

சாப்பாடு என் பொறுப்பு. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். ராத்திரி ஊறவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு கை, உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய், முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றிய பொரியல், விடியற்காலையில் வெல்லம் போட்ட கேப்பைக் கஞ்சி ஒரு சொம்பு. "யம்மா, போதும்மா, வயிறு வெடிச்சிடும்" என்பாள். விட மாட்டேன்.

அப்போது எங்கள் ஊர்த் தீமிதிக்கு என் நாத்தனார் கண்டமங்கலத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். கையோடு ஒரு டப்பா சத்து மாவு வாங்கி வந்திருந்தாள்.

"கஞ்சியும் களியும் ஊத்துனா போலீசுல எடுத்துக்குவாங்களா அண்ணி? டவுனுப் பசங்கல்லாம் இதத்தான் பால்ல கலந்து குடிச்சிக்கினு இருக்குதுங்க."

"நீ குடிச்சிப் பாரேன். நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது உனக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். "எங்க வூட்டுப் புள்ள எங்கையால சாப்புட்டுத்தான் செயிக்கும்" என்று சொல்லி அந்த டப்பாவைப் பிரிக்காமலே பரண் மேல் வைத்தேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நாள் நெருங்க நெருங்க அவள் ஓடி முடித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்ப்பேன். அடுப்பண்டை போவேன், வாசலுக்கு வருவேன், மறுபடி பின்பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன். என் சமையல் போதவில்லையோ என்ற நினைப்பு உள்ளே அரித்தது.

பெரியவள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது சுகாதார நர்சம்மா கொடுத்த சிவப்பு மாத்திரைகள் நினைவுக்கு வந்தன. பெரியவள் குமட்டுகிறது என்று பாதியைத் தின்னாமலே விட்டுப் போயிருந்தாள். உப்பு ஜாடிக்குப் பின்னால் மூன்று பொட்டலம் அப்படியே கிடந்தது. நர்சம்மா என்னென்னவோ சொன்னாள், என் காதில் விழுந்தது "ரத்தம் ஊறும், தெம்பு வரும்" என்பதுதான். பொட்டலத்தின் மேல் ஏதோ எழுதியிருந்தது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் கஞ்சி போதாது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கேட்கவில்லை.

முதல் நாள் ஒன்றை அம்மியில் நுணுக்கிக் கஞ்சியில் கலந்தேன். கேப்பை நிறத்தில் அந்தச் சிவப்பு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு வாரம் அப்படிப் போனது. பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. பயிர் மஞ்சளடித்தால் இன்னொரு கை யூரியா தூவுவோமே, அந்தப் புத்திதான் எனக்கு. இரண்டாக்கினேன். அதற்கப்புறம் நாலைந்து நாள் நாலு நாலு மாத்திரை, வெறும் வயிற்றில்.

"ஏம்மா, கஞ்சி துரு வாடை அடிக்குது?"

"புதுக் கேப்பைடி. மூக்கப் புடிச்சிக்கினு குடி."

விழுப்புரம் போக நாலு நாள் இருந்தபோது அவள் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தாள். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள், இரண்டு நாளாக வெளிக்குப் போனால் கரி மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்று. கஞ்சிச் சொம்பைக் கழுவினேன், கழுவினதையே மறுபடி கழுவினேன்.

நாத்தனார் வந்து நின்றாள். வாந்தியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உப்பு எடுக்க அடுக்களைக்குள் போனவள் திரும்பும்போது கையில் ஒரு காலிப் பொட்டலம் இருந்தது.

"அண்ணி, இது புள்ளத்தாச்சிக்குக் குடுக்கற மாத்திரை. ஜாடிக்குப் பின்னாடி ஒளிச்சி வச்சிருக்குது. பெரியவ போயி மாசம் எத்தினி ஆவுது? இத யாரு இப்ப தின்னுக்கினு இருக்கறது?" குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, நீ தலைக்குக் குளிச்சி எத்தினி நாளு ஆவுது?"

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. "அத்த, இன்னா பேசற நீ? எனக்கு அந்த மாத்திரையே தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "நான்தான் கலந்தேன்" என்று ஒரு வார்த்தை. அந்த நாத்தனார் முன்னால் அது என் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. "மொதல்ல டாக்டராண்ட போவலாம் வாங்க, ஜல்தி" என்று புடவையை மாற்றப் போய்விட்டேன். வாசலில் நின்றிருந்த எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

திண்டிவனம் பஸ்ஸில் நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பஸ் கிளம்பிவிடும். அடுத்த ஸ்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். கறுப்பாகப் போகிறது என்றதும் அவர் முகம் மாறியது. "கால் வலிக்கு, உடம்பு வலிக்குன்னு ஏதாவது மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். "ஒண்ணுமே போடலங்க" என்றாள் இவள். பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே புண்ணாகி ரத்தம் கசிந்தால் இப்படிப் போகும், புதுச்சேரிக்கு எழுதித் தருகிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "நாள எண்ணாதம்மா, பொண்ணப் பாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் டாக்டரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி, "கல்யாணம் ஆவலையா? சரி, அதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வெளியே வந்துவிட்டேன். அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மருந்து கொடுக்கிற ஜன்னலண்டை வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். அவள் கையில் அதே சிவப்பு மாத்திரை. உள்ளே இருந்த நர்சம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சாப்புட்டப்பறம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு. வெறும் வயித்துல போட்டா வாந்தி வரும். வெளிக்குக் கறுப்பாப் போவும், அதப் பாத்துப் பயந்துக்கினு வந்து நிக்காத."

என் கால் நின்றுவிட்டது. அதுவரை மாத்திரை வயிற்றைக் கெடுத்திருக்குமோ என்றுதான் பயந்தேன். அந்தக் கறுப்பே நான் கரைத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இல்லாத புண்ணுக்கு என் பெண்ணைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். இல்லாத குற்றத்துக்குத் தகப்பன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரியவள் வீட்டில் இருந்தபோது எங்கள் நர்சம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். நான் எனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன்.

ஓடினேன். வழியில் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாந்தாங்க. எம் பெரிய பொண்ணுக்குக் குடுத்த செவப்பு மாத்திரையக் கஞ்சியில கலந்து நாந்தாங்க குடுத்தேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

"எத்தன குடுத்த?"

"நாலு."

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்குங்க. வெறும் வயித்துல."

டாக்டரம்மா பேனாவை மேசை மேல் வைத்தார். "சத்துக்குன்னு குடுக்கற மாத்திரையும் மருந்துதாம்மா. இதையே சின்னக் குழந்தை ஏழெட்டு முழுங்கியிருந்தா நீ பொணத்தத் தூக்கிக்கினு வந்திருப்ப. படிக்கத் தெரியலன்னா ஒரு ஆளக் கேட்டா கொறஞ்சா பூடுவ?" என்றார். இன்னும் என்னென்னவோ திட்டினார். அத்தனை பேர் முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்க்கலாம், ரத்தம் சோதித்துவிட்டு அனுப்பலாம் என்றார்.

நாத்தனார் வெளியே போய் ஒரு சோடா வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "நானும் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி" என்றாள். வீட்டுக்காரர் சின்னவளின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "தண்ணி வேணுமா கண்ணு?" என்று கேட்டார். அதுதான் அன்றைக்கு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தோம். ஒரு நாள் மோரும் குழைந்த சோறும் மட்டும். குறித்த நாளில் விழுப்புரம் போனாள். நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம். எடை சரியாக இருந்தது. தாண்டினாள். ஓட்டத்தில் பாதிக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தளர்ந்தாள், மறுபடி ஓடி முடித்தாள். பெயர் கூப்பிட்டபோது அவள் பெயர் வரவில்லை. என் மாத்திரையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். "என்னாலதான் கண்ணு, எல்லாம் என்னாலதான்" என்றேன். மயிலம் ரோடு வந்ததும் அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாத்திரையக் கலந்தது தெரியாமப் பண்ணதும்மா. அத நான் மறந்துடுவேன். அத்த அப்பிடிக் கேட்டப்போ நான் உன்னப் பாத்தேன். நீ புடவ மாத்தப் போயிட்ட."

தை மாசம் முகையூருக்கே கட்டிக் கொடுத்தோம். நன்றாக இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுத்ததே இல்லை. எனக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, யாருக்கும் தலை குனியாதவள் என்று ஊரில் இன்றைக்கும் எனக்குப் பெயர். ஆனால் அன்று காலையில் என் கௌரவத்தை என் மகளின் மானத்துக்கு மேலே வைத்து நான் வாய் மூடி நின்ற அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டால், இப்போதும் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.