பேத்தை மீனும் எங்கள் பிஜூவும்

கடலோரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கப்பலேறும்போது, தம் லாப்ரடார் பெட்டை நாய் பிஜூவைத் தம்மிடம் குமாஸ்தாவாக இருந்த என் கணவரிடம் விட்டுச் சென்றார். அதற்கு எந்நேரமும் பசி. ஆனாலும் எதையும் பல் படாமல் கவ்வி வந்து நம் காலடியில் வைக்கும். 'தின்னு' என்று சொல்லாமல் விழுங்காது.

போன மாதம் மீன் வாங்கக் காரைக்கால்மேடு போனபோது அதையும் அழைத்துப் போனேன். வலையிலிருந்து கழித்துப்போட்ட மீன் ஒன்றைக் கவ்வி வந்து என் முன் வைத்தது. ஊர் நாய்கள் அதை மோந்துவிட்டு விலகியதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. "தின்னு" என்றேன்.

வலையருகே இருந்த மீனவப் பெண் ஓடி வந்தாள். "ஐயையோ, புடுங்குங்கம்மா! அது பேத்தை மீனு, விஷம்! எங்க நாய்ங்க தொடாதுங்க!"

அதற்குள் விழுங்கிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் பின்னங்கால்கள் துவண்டன. என்னையே பார்த்தபடி கிடந்தது; பிறகு மூச்சு நின்றது.

இப்போது அது ஈன்ற குட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அது கவ்வி வருவதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. சோறு வைத்த பிறகும் 'தின்னு' என்ற அந்தச் சொல்லுக்கு நா எழுவதில்லை. தாயைப் பார்த்துப் பழகிய குட்டி, தட்டின் முன் காத்திருக்கிறது.