ஊசிமுனைப் பாட்டு

எங்கள் வீட்டு மாடி அறையில் கத்துவதற்கென்று ஒரு நேரம் இருந்தது. சாயங்காலம் முழு ஷிப்ட் முடிந்து அரை ஷிப்ட் தொடங்குவதற்கு நடுவில், கீழே தையல் மெஷின்கள் எல்லாம் நின்று, ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரம். அதைத் தவறவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை காத்திருக்க வேண்டும். மெஷின்கள் ஓடும்போது தரை நடுங்கும். அந்த நடுக்கம் ஸ்டாண்டு வழியாக ஏறி மைக்குக்குள் போய்விடும்.

முதலிபாளையம் போகிற வழியில் எங்கள் வீடு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷெட்டில் அப்பாவின் பனியன் யூனிட். பெரிய கம்பெனிகள் கொடுக்கும் துணியை வெட்டித் தைத்து, அவர்கள் கொடுக்கும் லேபிளைக் கழுத்தில் வைத்து, அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். வகுப்பில் மற்றவர்கள் ஸ்டிக்கர் சேர்த்தபோது நான் மீந்துபோன வெளிநாட்டு லேபிள்களைச் சேர்த்தேன். அவற்றில் ஒன்றில்கூட எங்கள் ஊர்ப் பெயர் இருக்காது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. லேபிள் என்றாலே வேறு யாருடைய பெயராவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடி அறை மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பகலில் யூனிட்டில் கட்டிங் பார்த்துக்கொள்வார். மிச்ச நேரமெல்லாம் மெட்டல் பாட்டு, கிட்டார் இரைச்சலுக்கு மேல் உறுமிக் கத்திப் பாடும் மேல்நாட்டு வகை. அந்த அறையில் இருந்தவற்றை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். ஒரு கம்ப்யூட்டர். கிட்டாரையும் மைக்கையும் அதோடு இணைக்கும் ஒரு சிறிய பெட்டி. இரண்டு ஸ்பீக்கர். காதுப் பஞ்சு கிழிந்த ஹெட்போன். ஸ்டாண்டு ஃபேனின் கம்பியில் செய்த மைக் ஸ்டாண்டு. மைக்குக்கு முன்னால், காற்று நேராக அடிக்காமலிருக்க, எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய ரிப் துணி, பனியன் கழுத்துக்கு வைப்பது. நான்கு சுவர்களையும் மறைத்துக் கூரைவரை, வெட்டி மீந்த துணியான கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். எந்தத் துணி எவ்வளவு சத்தத்தைக் குடிக்கும் என்று மாமா சோதித்து வைத்திருந்தார். சாதாரண பனியன் துணி போதாது; உள்பக்கம் பஞ்சு கிளப்பிய ஃப்ளீஸ் துணிதான் வேண்டும். வேஸ்ட் வாங்க வருகிறவரிடம் ஃப்ளீஸை மட்டும் கொடுக்காமல் ஒளித்துவைப்பார்.

டிரம்ஸ் கிடையாது. அதைக் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு அடியாகப் போட்டார். கிட்டார் வாசிக்க அவருடைய நண்பர் உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் எல்லோருக்கும் அவர் உடுமலைக்காரர். தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவருவார். கிட்டார் பையைவிட இளநீர்ப் பைதான் கனமாக இருக்கும்.

பாடியது சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, மூலனூரில் முருங்கைத் தோட்டத்தோடு இருந்தார். சித்தி எங்களோடு தங்கி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போய்வந்தாள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நூலாக இருக்கும்போதிலிருந்து பெட்டிக்குள் போகும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. போனில் ஆமாங்க, இல்லீங்க, அனுப்பிடறேனுங்க என்பதைத் தவிர வேறெதுவும் அவள் பேசிக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே படியேறுவாள். மாமா கதவைச் சாத்துவார். சித்தி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு நீளமாக மூச்சை இழுப்பாள். பிறகு, அதிக லோடு ஏற்றிய லாரி மேட்டில் கியர் மாற்றுவதுபோல, அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும்.

முதல் தடவை கேட்டபோது நான் அழுதுவிட்டேன். சித்தி என் முன்னால் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"பயப்படாத கண்ணு. தொண்டையில இல்ல, இங்கிருந்து வருது பாரு. மூச்ச இழுக்கறதுலதான் எல்லாம் இருக்குது. உட்டா அதுவே பாடிக்கும்."

அவள் வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பயமில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்பேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பல பெயர்கள் இருந்தன. மாமாவை மாப்ளை என்று கூப்பிடும் அப்பாவுக்கு அது 'மாப்ளையோட கம்ப்யூட்டர்'. பக்கத்து வீட்டாருக்கு 'மோட்டார் ரிப்பேர்'. மூட்டைகளைத் தாண்டிக் கொஞ்சம் சத்தம் கசியத்தான் செய்தது. டீ கிளாஸோடு நின்ற பீகார் டெய்லர் ஒருவர் ஒருநாள் அம்மாவிடம், "அக்கா, மேலே ஆள் சண்டை?" என்று கவலையாகக் கேட்டார்.

"இல்லீங்க, டிவி ஓடுது."

"டிவியில யார் செத்தது?" என்றார் அவர். ஆட்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, சமையலறையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

சித்தி எழுதிய பாட்டுகளில் எனக்குப் பிடித்தது ஊசியைப் பற்றியது. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷினை நிறுத்திவிடுவார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக் காகிதத்தில் ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒரு முனை குறைந்தாலும் அங்கிருக்கும் பீஸ்களையெல்லாம் ஒதுக்கிவைத்துத் தேட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாது. சித்தியின் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரி இதுதான்: 'முனை கிடைக்காமல் அனுப்பாதே.' அதை அவள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பாடுவாள். கடைசி முறை சொல்லே இருக்காது, வெறும் உறுமல்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயம், பெங்களூரில் மெட்டல் குழுக்களுக்கு மேடை தருகிறவர்கள் சிலர் புதிய ஆட்களிடம் டெமோ கேட்டிருந்தார்கள். மாத முடிவுக்குள் மூன்று பாட்டு அனுப்ப வேண்டும். உடுமலைக்காரர் ஒரே வாரத்தில் தன் பங்கை வாசித்து முடித்தார். அதே மாதம் அப்புச்சி ஒரு கட்டு முருங்கைக்காயோடும் ஒரு மாப்பிள்ளை போட்டோவோடும் மூலனூரிலிருந்து வந்தார்.

இரண்டு வேலைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. கீழே ஜாதகம் பார்த்தார்கள், மேலே குரல் பதிவானது. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றியபடி சித்தி சொன்னாள்:

"அண்ணா, பேரு போட வேண்டாமுங். வீட்டுக்குத் தெரிஞ்சா வீண் பேச்சு. குரல் இருந்தாப் போதும்."

"பேரில்லாமயா?"

"ஆமாங்ணா. கேக்கறவங்களுக்கு ஒரு பொம்பள பாடறான்னு தெரிஞ்சாப் போதும். யாருன்னு தெரிய வேண்டாம்."

மாமா சரி என்றார். உடுமலைக்காரர், "பேரில்லாத பொம்பளைன்னே குழுவுக்குப் பேரு வெச்சர்லாமுங்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பனியன் யூனிட்தான், எங்களுடையதைவிடப் பெரியது. சித்தி காப்பித் தட்டோடு வந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாங்க, இல்லீங்க என்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாடிப்படியருகே நின்றார்.

"மேல என்னங்க?"

"வேஸ்ட் துணி போட்டு வெச்சிருக்குதுங்க" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் லேபிள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மாமாவிடம் வந்தார். அப்பா குரல் உயர்த்திப் பேசுகிறவர் அல்ல.

"மாப்ள, அந்தப் பாட்டு வெளிய போகுதாமா?"

"ஆமாங் மச்சான். தங்கச்சி பேரு இல்லீங்."

"பேரு இல்லாட்டி என்ன? ஒரு பொம்பளப் புள்ள கத்துதுன்னு நாலு பேரு கேப்பாங்க. யாருன்னு பாத்தா, அதுல உம்பட பேரு இருக்குது. உன்ற வீட்டுல பொம்பளப் புள்ள யாரு இருக்கறா?"

மாமா கத்தரித்த துணியை அடுக்கிக்கொண்டே இருந்தார். "பாட்டே அவ குரல்தானுங் மச்சான்" என்றார்.

"நான் நிறுத்தச் சொல்லுல. அனுப்பு. அது பொம்பளைன்னு தெரியாம அனுப்பு. நாம தைக்கறதுல யாரு லேபிள் இருக்குது? யாராவது நம்மளத் தேடறாங்களா? துணி நல்லாருக்கோணும், அவ்வளவுதான்."

அப்பா சொன்னது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. மாமாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அவர் அடுத்த துணியை விரித்துக் கத்தரியை எடுத்தார்.

அடுத்த நாட்களில் மாமா மிக்ஸிங் செய்தார். பாட்டின் ஒவ்வொரு சத்தமும் திரையில் ஒவ்வொரு வரிசையாகக் கிடக்கும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் மிக்ஸிங். சித்தி அப்போது அறைக்கு வரவில்லை. சம்பந்தம் முடிவாகி, கல்யாணப் பட்டு எடுக்க அலைந்துகொண்டிருந்தாள். நான் மட்டும் மாமாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் சித்தியின் குரல் வரிசையை மட்டும் எடுத்து அதன் சுருதியைக் கீழே இறக்கினார். இறக்க இறக்க அது தடித்தது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். சித்தி பூதமாகிக்கொண்டிருந்தாள்.

"யாராட்ட இருக்குது கண்ணு?"

"பெரிய ஆம்பளையாட்ட இருக்குதுங் மாமா. மீசை வெச்ச ஆளு."

"சித்தியாட்ட இல்லியா?"

"இல்லவே இல்லீங்."

மாமா தலையாட்டினார். சாயம் போட்டு வந்த துணியில் நிறம் சரியாக இருந்தால் அப்பா அப்படித்தான் தலையாட்டுவார்.

பிறகு அவர் சித்தியின் குரலிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டத் தொடங்கினார். திரையில், பாட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே முருங்கை விதைபோலப் புடைத்திருந்தவை. வெட்டிய ஒவ்வொன்றையும் அடியில் ஒரு புதிய வரிசையில், அது இருந்த இடத்துக்கு நேராகவே வைத்தார். பொழுதெல்லாம் அதையே செய்தார். எனக்குச் சலித்துவிட்டது.

"இதெல்லாம் என்னங் மாமா?"

"கட்டிங் வேஸ்ட் கண்ணு" என்றார் அவர். "கம்முனு உக்காரு."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூர்க்காரர்களுக்குப் பாட்டு பிடித்திருந்தது. பாடியவரைத் தனியாகப் பாராட்டி, அவரை மேடைக்கு அழைத்துவரச் சொன்னார்கள். அப்படி ஒருவர் இல்லாததால் யாரும் போகவில்லை. சித்திக்குக் கல்யாணமாயிற்று. இன்று அந்தப் பெரிய யூனிட்டின் ஆர்டர்களையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஃப்ளீஸ் மூட்டைகளை வேஸ்ட்காரர் வந்து எடுத்துப்போனார். மாடி அறையில் செக்கிங் டேபிள் போட்டார்கள். நான் ஒலிப்பதிவு படித்து, இப்போது கோயம்புத்தூரில் மற்றவர்களின் குரல்களைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, பாட்டை அனுப்புவதற்கு முந்தைய சாயங்காலத்தைப் பற்றி. மெஷின்கள் நின்றன. உடுமலைக்காரர் இளநீரோடு வந்திருந்தார். சித்தி புடவைக் கடைப் பையோடு நேராக மாடிக்கு வந்து, அதை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தாள். மாமா ஊசிப் பாட்டைப் போட்டார். கிட்டார் வந்தது, டிரம்ஸ் வந்தது, பிறகு அந்த மீசைக்காரர் வந்தார். சித்தி அசையாமல் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்குதுங்ணா" என்றாள். "யாருங் பாடறது?"

உடுமலைக்காரர் சிரித்தார். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் இளநீரை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் மூன்று பேருக்கும் விடை தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

"நீங்கதானுங் சித்தி!" என்று கத்தினேன்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "அப்புடியா கண்ணு?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"மறுக்கா போடுங்ணா."

மாமா போட்டார். இந்த முறை சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால், ஒரு நொடி எல்லாம் அடங்குகிற இடத்தில், அவளுடைய விரல் உயர்ந்தது. அடுத்த இடைவெளியிலும் உயர்ந்தது. அதற்கடுத்ததிலும்.

"மூச்சு மட்டும் என்னுதாட்ட இருக்குதுங்ணா" என்றாள்.

"ம்" என்றார் மாமா.

ஒரு குரலைக் கீழே இறக்கினால் மூச்சும் சேர்ந்தே இறங்கிவிடும். அது இறங்காமலிருக்க வேண்டுமானால் ஒவ்வொரு மூச்சையும் கையால் வெட்டி எடுத்து, தனி வரிசையில், அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். தவறுதலாக நடக்கிற காரியமல்ல அது. நான் இந்த வேலைக்கு வந்து முதல் வருடத்திலேயே அதைத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அது தெரியாது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின, தரை நடுங்கத் தொடங்கியது. சித்தி புடவைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தானே கேட்ட கேள்விக்குச் சித்தி பாதி விடையாவது சரியாகச் சொல்லிவிட்டாள் என்று நான் பலமாகக் கை தட்டினேன்.